பாண்டி வழி பஸ்ஸில் ஒரிஜினல் சர்டிபிகேட் ஃபைல் காணோம், புகார் பாண்டியிலா கடலூரிலா?

முதுநகர் ஃபிட்டர்:

வணக்கம். எனக்குக் கடலூர் முதுநகர். ஆலையை நிறுத்திவைத்துச் செய்கிற ஷட்டவுன் வேலைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற சூப்பர்வைசர், வருஷத்தில் பாதி நாள் வெளியூர்தான். மணலியில் ஒரு வேலை முடிந்து முந்தாநாள் ராத்திரி ஈசிஆர் வழியாகச் சிதம்பரம் போகும் பஸ்ஸில் வந்தேன். நீல நிற ஜிப் ஃபைல், மேலே வெள்ளை ஸ்டிக்கரில் மார்க்கரால் பசங்க பேர் எழுதியிருக்கும். காலாப்பட்டு தாண்டும்போது ரேக்கில் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். பாண்டி பஸ் ஸ்டாண்டில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது, கும்பலாக இறங்கினார்கள், கும்பலாக ஏறினார்கள். திருப்பாப்புலியூரில் இறங்குவதற்கு எழுந்து கையை நீட்டினால் ஃபைல் இல்லை. கண்டக்டரும் நானும் சீட்டுக்கு அடியில் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தோம், மற்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்ததும் வண்டி கிளம்பிவிட்டது.

உள்ளே என் ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, ஐடிஐ சர்டிபிகேட். அது போனால் கூடப் பரவாயில்லை. என்னோடு வேலை செய்யும் மூன்று பசங்களுடையதும் அதில்தான் இருந்தது. ஒருவனுடைய பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டி.சி. இன்னொருவனுடைய ஐபிஆர் (பாய்லர் வேலைக்கான) வெல்டர் சர்டிபிகேட். மூன்றாவது பையனுடைய பாஸ்போர்ட், ஒரு சின்ன பவுச்சில் செக் புக்கும் கொஞ்சம் பணமும் சேர்த்து. அவனுக்கு அடுத்த மாதம் வளைகுடா வேலைக்கு டிரேடு டெஸ்ட் (கைத்திறன் தேர்வு) இருக்கிறது. பசங்க ஹைட்ரோ டெஸ்டுக்காக (தண்ணீர் அழுத்தச் சோதனை) இன்னும் மணலியில் இருக்கிறார்கள், ரூமில் பத்துப் பேர் வந்து போகிற இடம், வீட்டில் கொடுத்துவிடுங்கண்ணே என்று அவர்களே கொடுத்தனுப்பியது.

நேற்று பாண்டியில் ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். காணோம் என்று கடலூரில்தானே தெரிந்தது, அங்கே போ என்றார்கள். கடலூருக்கு வந்தால், பாண்டியில்தான் போயிருக்கும், அது வேற ஸ்டேட், அங்கே கொடு என்கிறார்கள். நடுவில் முள்ளோடை செக்போஸ்ட்டில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்க வேண்டியதுதான் போல. யாருக்காவது இந்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள். முதலில் எதைச் செய்வது?


ரிட்டயர்டு கண்டக்டர்:

தம்பி, போலீஸ் இருக்கட்டும், முதலில் வண்டியைப் பிடி. டிக்கெட் வைத்திருக்கிறாயா? சட்டைப் பாக்கெட்டில் கசங்கிக் கிடந்தாலும் எடுத்துப் பத்திரப்படுத்து. மெஷின் டிக்கெட்டில் எந்த டிப்போ, எந்தத் தடம், எத்தனை மணிக்குப் போட்டது எல்லாம் அச்சாகியிருக்கும். அந்த மை வெயில் பட்டால் வெளுத்துப் போகும், அதனால் இப்போதே போட்டோ எடுத்து வை. அந்த நேரத்தை வைத்தே அன்றைக்கு வண்டியில் யார் டூட்டி என்று டிப்போவில் சொல்லிவிடுவார்கள்.

சிதம்பரம் வரை போகிற வண்டி என்கிறாய். ராத்திரி கடைசி நடை என்றால் பயணிகள் இறங்கியதும் வண்டி டிப்போவுக்குள் போய்விடும், உள்ளே கூட்டிப் பெருக்குவார்கள், அப்போதுதான் குடை, டிபன் பாக்ஸ், பிள்ளைகளின் செருப்பு எல்லாம் வெளியே வரும். எங்கள் காலத்தில் அப்படி எது கிடைத்தாலும் டிப்போ செக்யூரிட்டியிடமோ டைம் கீப்பரிடமோ கொடுத்து நோட்டில் எழுதி வைப்போம், பணமாக இருந்தால் மேனேஜர் ரூமுக்குப் போகும். போன் போட்டுக் கேட்காதே. போனில் எடுக்கிறவர் மேஜையில் இருப்பதைப் பார்த்து "இல்லைங்க" என்பார், அவ்வளவுதான். நேரில் போ, டூட்டி மாறுகிற நேரமாகப் பார்த்துப் போ. அந்தக் கண்டக்டருக்கு அடுத்த நாள் ரெஸ்ட் இருந்திருக்கும், அவர் திரும்பி டூட்டிக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரியும்.

ஒரு சந்தேகம் எனக்கு. ரேக்கில் நீலப் பை ஒன்றுதானா? பாண்டியில் இறங்குகிற அவசரத்தில் தன்னுடையது என்று நினைத்து எடுத்துப்போகிறவன் உண்டு, நடுவழியில் திறந்து பார்த்துத் திகைப்பான். ஸ்டிக்கரில் பெயர் இருக்கிறதே, போன் நம்பரும் இருந்ததா?


முதுநகர் ஃபிட்டர்:

டிக்கெட் இருக்குண்ணே. நம்பர் எழுதவில்லை, பேர் மட்டும்தான். நாளைக்குச் சிதம்பரம் போகிறேன்.


மஞ்சக்குப்பம் குமாஸ்தா:

வக்கீல் ஆபீஸில் நிறைய வருஷமாக எழுதிக் கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்களை இரண்டு பக்கமும் விரட்டியதற்கு ஒரு காரணம் உங்கள் பேச்சிலேயே இருக்கிறது. "பாண்டியில் போயிருக்கும்" என்று நீங்கள் யூகத்தைச் சொல்கிறீர்கள், அவர்கள் அந்த யூகத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். மனுவில் யூகம் வேண்டாம். கடைசியாகக் காலாப்பட்டில் பார்த்தேன், திருப்பாப்புலியூர் பஸ் நிலையத்தில் இறங்கும்போது காணவில்லை, இவ்வளவுதான் உங்களுக்குத் தெரிந்தது, இதை மட்டும் எழுதுங்கள். காலாப்பட்டு பாண்டி, பொம்மையார்பாளையமும் கோட்டக்குப்பமும் விழுப்புரம் மாவட்டம், முத்தியால்பேட்டை வந்தால் மறுபடியும் பாண்டி, கன்னியகோவில், முள்ளோடை தாண்டினால் கடலூர் மாவட்டம். ஒரு மணி நேர ரோட்டில் எத்தனை எல்லை பாருங்கள். எந்த எல்லையில் போனது என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. அப்படியிருக்க, காணாமல் போனது தெரியவந்த இடத்தில் கொடுப்பதுதான் வழக்கம். பஸ் ஸ்டாண்டு திருப்பாதிரிப்புலியூர் (பேச்சில் திருப்பாப்புலியூர்) காவல் நிலைய எல்லை. அங்கே எழுதிக் கொடுத்து, மனுவை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். பாண்டி பஸ் ஸ்டாண்டில் யாராவது எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தவர் இருந்தால் மட்டும் பாண்டியில் உருளையன்பேட்டை காவல் நிலையம்.

அப்புறம், தொலைந்ததா திருடுபோனதா என்பதை முடிவு செய்துகொண்டு போங்கள். திருட்டு என்றால் அது பொதுவாக எஃப்.ஐ.ஆர். போட வேண்டிய குற்றம், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி எல்லை எதுவாக இருந்தாலும் தகவலை வாங்கிப் பதிந்துவிட்டு உரிய நிலையத்துக்கு அனுப்பியாக வேண்டும், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். புகார்தாரருக்கு நகல் இலவசம். வெறுமனே தொலைந்துபோனது என்றால் அங்கே குற்றம் எதுவும் இல்லை, எஃப்.ஐ.ஆர். கேட்டு வாதாடிப் பிரயோஜனமில்லை, பதிவும் ரசீதும்தான் கிடைக்கும். பாதிப் பேர் "திருட்டு என்று எழுதினால் சீக்கிரம் நடக்கும்" என்று எழுதிவிட்டு, பிறகு விசாரணைக்குக் கூப்பிடும்போது முழிப்பார்கள்.

தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கென்றே தனிப் பதிவு இருக்கிறது, பாஸ்போர்ட், ஆர்.சி., லைசென்ஸ், பள்ளி கல்லூரி சான்றிதழ், அடையாள அட்டை இவற்றுக்கு. விவரம் போட்டால் எண்ணோடு பிடிஎஃப் வரும், போலீஸ் விசாரணை எதுவும் நடக்காது. ஆனால் நான்கு பேருடையதையும் நீங்களே உங்கள் பெயரில் போடாதீர்கள். ஆவணம் யாருடையதோ அவர் பெயரில் போகட்டும், பசங்க மணலியிலிருந்தே போனில் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் எண் வேண்டும். மார்க் ஷீட் என்றால் பதிவெண், தேர்வு எழுதிய மாதம், வருஷம். "பத்தாம் வகுப்பு சான்றிதழ் 1" என்று எழுதிய ரசீதை எந்த அலுவலகத்திலும் மதிக்க மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்தத் தாளில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் பிறகு போகிற எல்லா இடத்திலும் உங்களோடு வரும், அதனால் அவசரப்படாமல் உட்கார்ந்து எழுதுங்கள்.


லாஸ்பேட்டை ஹெச்.ஆர்.:

எல்லாரும் வழி சொல்லிவிட்டீர்கள், நான் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதப்போகிறேன், மன்னிக்கவும். பாண்டி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிற வேலை எனக்கு. ஒப்பந்தக்காரர்கள் பசங்களின் ஒரிஜினலை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிற பழக்கத்தை முதலில் ஒழிக்க வேண்டும். இந்த அண்ணனைச் சொல்லவில்லை, பசங்களே கொடுத்தது என்கிறார். ஆனால் கேட்டில் ஒரிஜினலைப் பார்த்துவிட்டு நகலில் கையெழுத்துப் போட்டு அங்கேயே திருப்பிக் கொடுக்க எவ்வளவு நேரமாகும்? நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று அந்தப் புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள், அதைச் சூப்பர்வைசர் பையில் போட்டு அனுப்புவது என்ன வழக்கமோ.

சரி, உபயோகமாகவும் ஒன்று சொல்கிறேன். கம்பெனிக்குக் கேட் பாஸ் போடும்போது கொடுத்த ஸ்கேன் நகல் இருக்கும் அல்லவா, உடனே மணலியில் அந்த ஆபீஸில் கேட்டு வாங்குங்கள். பதிவெண், பாஸ்போர்ட் எண், தேதி எல்லாம் அதில் கிடைத்துவிடும். வேலை முடிந்து கொஞ்ச நாளில் அந்த ஃபோல்டரை அழித்துவிடுவார்கள்.


முதுநகர் ஃபிட்டர்:

மேடம், நீங்கள் சொல்வது உங்கள் கம்பெனியில் சரி. நாங்கள் போகிற இடத்தில் காலை ஆறு மணிக்குக் கேட்டில் வரிசையில் நிற்கும்போது ஒருவனுக்குத் தாள் குறைந்தாலும் டீம் மொத்தமும் வெளியே நிற்கும், அன்றைய கூலி போச்சு. அதனால்தான் ஒருவரே மொத்தமாகத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஸ்கேன் விஷயம் நல்ல யோசனை, இப்போதே போன் போட்டேன், மெயிலில் அனுப்புகிறேன் என்றார்கள்.


சவுதி ரிட்டர்ன் பண்ருட்டி:

பாஸ்போர்ட் பையனுக்கு மட்டும் சொல்கிறேன். தொலைந்ததற்கு மாற்றுப் பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பித்துவிட்டால் பழைய எண் ரத்து. பிறகு பழையது கையில் கிடைத்தாலும் அதை எடுத்துக்கொண்டு பயணம் போக முடியாது, போனால் இமிக்ரேஷனில் நிறுத்துவார்கள். அதனால் போலீஸில் உடனே பதிவு செய்யட்டும், ஆனால் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை அண்ணன் சிதம்பரம் போய் வரும் வரை நிறுத்தி வைக்கட்டும். அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம், ஏனென்றால் டிரேடு டெஸ்ட் பாஸானதும் முதலில் கேட்பது பாஸ்போர்ட் நகலைத்தான்.

விண்ணப்பத்தில் மறுவிநியோகம், காரணம் தொலைந்தது என்று போட வேண்டும். 36 பக்கப் புத்தகத்துக்கு 3000 ரூபாய், சாதாரணமாகப் புதுப்பிப்பதைப் போல இரண்டு மடங்கு. போலீஸ் அறிக்கை ஒரிஜினல், அப்புறம் எங்கே எப்படித் தொலைந்தது என்று சொல்கிற உறுதிமொழி, இணைப்பு எஃப் என்று பெயர், வெள்ளைத் தாளில் போதும். பழைய பாஸ்போர்ட்டின் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்க நகல் இருந்தால் பாதி வேலை குறையும். மறுபடி போலீஸ் வெரிஃபிகேஷன் வந்தால் வீட்டில் ஆள் இருக்கணும், பையன் மணலியில் இருந்தால் அந்த நேரம் ஊருக்கு வந்துவிடச் சொல்லுங்கள். புரோக்கர் யாராவது "நான் பார்த்துக்கிறேன்" என்று பத்தாயிரம் கேட்டால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.


நெய்வேலி டவுன்ஷிப்:

சின்னச் சின்ன விஷயம். லைசென்ஸ் டிஜிலாக்கரில் இருந்தால் வண்டி ஓட்ட அது போதும், 2018-லிருந்தே மோட்டார் வாகன விதியில் அதற்கு இடமிருக்கிறது. பான் மறுஅச்சு 50 ரூபாய். ஆனால் செக் புக் என்று படித்தேனே, அதற்கு இன்றைக்கே பேங்குக்குப் போன் போட்டு எண் சொல்லி ஸ்டாப் பேமென்ட் போடச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். பான், பாஸ்போர்ட் நகலை வைத்து சிம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு ஓடுகிறது என்று பார்க்கலாம், தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். பணம் ஏதாவது போனால் சைபர் மோசடி உதவி எண் 1930.

மார்க் ஷீட் பையன் எந்த வருஷம் பாஸ் என்று கேளுங்கள். சமீபத்திய ஆண்டுகள் என்றால் அதுவும் டிஜிலாக்கரில் இருக்க வாய்ப்புண்டு. இல்லாவிட்டால் படித்த பள்ளியின் தலைமையாசிரியரைப் பார்த்து வழி கேளுங்கள், இரண்டாம் படி கொடுப்பது அரசுத் தேர்வுகள் இயக்ககம். டி.சி.யின் இரண்டாம் படியும் பள்ளியில்தான். இதெல்லாம் நம்ம ஊர்ப் பள்ளிகளுக்குப் புதுசில்லை, 2015 வெள்ளத்தில் கடலூரில் எத்தனை வீட்டு டிரங்குப் பெட்டி தண்ணீரில் மிதந்தது.


முதுநகர் ஃபிட்டர்:

எல்லாருக்கும் நன்றி. சிதம்பரம் போய் வந்தேன். கண்டக்டர் அண்ணன் சொன்னபடியே டூட்டி மாறும் நேரம் பார்த்து நின்றேன், டைம் கீப்பர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஃபைலைக் கொண்டு வந்தார். பின் சீட்டுக்கும் ஓரத்துக்கும் நடுவில் செருகிக் கிடந்ததாம். நான் உட்கார்ந்தது முன்னால் நான்காவது வரிசை, ரேக்கில் வைத்தது தலைக்கு மேலே, அது எப்படிப் பின்னால் போனது? ஜிப் பாதி திறந்திருந்தது. மார்க் ஷீட், டி.சி., வெல்டர் சர்டிபிகேட், என்னுடையது எல்லாம் இருக்கிறது, ஒரு தாளின் ஓரம் மட்டும் ஈரம். பாஸ்போர்ட் பவுச் மட்டும் இல்லை. செக் புக்கும் பணமும் அதோடு சேர்ந்து போச்சு. செக்குக்கு ஸ்டாப் போட்டாச்சு.

நேற்றே திருப்பாதிரிப்புலியூரில் எல்லாம் தொலைந்தது என்று எழுதி ரசீது வாங்கியிருக்கிறேன். இப்போது அதை என்ன செய்வது?


மஞ்சக்குப்பம் குமாஸ்தா:

இப்போதுதான் விஷயம் மாறுகிறது. ஜிப்பைத் திறந்து, பவுச்சை மட்டும் எடுத்துவிட்டு ஃபைலைப் பின் சீட்டில் செருகிவிட்டுப் போயிருக்கிறான். இது தொலைந்தது இல்லை, களவு. ரசீதை எடுத்துக்கொண்டு அதே நிலையத்துக்குப் போய், இன்ன தேதியில் கொடுத்த மனுவின் தொடர்ச்சியாக என்று அந்த எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மனு எழுதுங்கள். ஃபைல் எங்கே, எந்த நாளில், யார் கையிலிருந்து கிடைத்தது, எது எது திரும்பக் கிடைத்தது, எது இல்லை என்று பிரித்து எழுதுங்கள். டிப்போ நோட்டில் உங்களிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள் அல்லவா, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்திருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். பணமும் பாஸ்போர்ட்டும் அந்தப் பையனுடையது, அவனும் நேரில் வந்து கையெழுத்துப் போடுவது நல்லது. ஆன்லைனில் யாராவது மார்க் ஷீட்டுக்குப் பதிவு போட்டிருந்தால் அதை வைத்துக்கொண்டு டூப்ளிகேட் கேட்டுப் போக வேண்டாம், ஒரிஜினல் கையில் இருக்கும்போது அது வீண் வம்பு.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு வைக்கிற உறுதிமொழியில் திருடுபோனது என்று எழுத வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகலை வைக்க வேண்டும். ரசீதில் ஒன்றும் விண்ணப்பத்தில் ஒன்றுமாக இருந்தால் கேள்வி கேட்பார்கள், இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கிக்கொண்டு போங்கள்.


ரிட்டயர்டு கண்டக்டர்:

நான் நினைத்தேன். பாண்டி வண்டியில் பின் சீட்டுக்குப் போய் நிதானமாகப் பையைத் துழாவுகிற கூட்டம் அப்போதும் இருந்தது. அந்தக் கண்டக்டர் பெயரை மனுவில் எழுதும்போது, உன்னோடு சேர்ந்து தேடிப் பார்த்தவர் என்று தெளிவாக எழுது தம்பி, இல்லையென்றால் அவரைத்தான் முதலில் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவார்கள்.


முதுநகர் ஃபிட்டர்:

கட்டாயம் எழுதுகிறேன் அண்ணே. பையன் இன்று ராத்திரி மணலியிலிருந்து கிளம்புகிறான், பவுச் இல்லாமல்தான் வருகிறான் என்பதால் பஸ்ஸுக்குப் பணம் நான் போனில் அனுப்பினேன். காலையில் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போகிறோம். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் மறுபடி இங்கேயே வந்து கேட்கிறேன்.